இறுகிப்போன ஆயில் ஃபில்டரைக் கழற்றுதல்: கருவியும் பிடியும்

காரின் எஞ்சின் ஆயிலைத் தம் கையாலேயே மாற்றத் தொடங்கும் ஒருவருக்குப் பழைய ஆயிலை வடிப்பதும் புதிய ஆயிலை ஊற்றுவதும் பெரும்பாலும் சிக்கலின்றி முடிந்துவிடும். வேலை தடைப்படும் இடம் ஆயில் ஃபில்டர்தான். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் சிறிய தகர உருளை, எவ்வளவு முறுக்கினாலும் இம்மியும் அசையாமல் நிற்கும். அதற்குள் விரல்களில் ஆயில் படிந்து, பிடி மேலும் வழுக்கத் தொடங்கிவிடும். இந்நிலையில் பலர் இன்னும் அதிக பலத்தைத் தேடுகிறார்கள், அல்லது எட்டிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஃபில்டரைக் குத்திவிடுகிறார்கள். ஆனால் அங்கே போதாமல் இருப்பது பெரும்பாலும் பிடிதான்: நம்மிடம் இருக்கும் பலத்தை வழுக்காமல், ஃபில்டரின் உறுதியான பகுதிக்குக் கொண்டுசேர்க்கும் பிடி. அதைத் தரும் கருவிகள் எவை, அவை எவ்வாறு இயங்குகின்றன, எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதை, முதன்முறை இவ்வேலையில் இறங்குபவரை மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஃபில்டரின் உடலமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். கார் எஞ்சினுக்குரிய ஆயில் ஃபில்டர், அமெரிக்காவில் 1923-ஆம் ஆண்டு எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் உருவாக்கிய 'ப்யூரோலேட்டர்' வழியாகப் பரவியது. தகர உறையோடு சேர்த்து அப்படியே திருகிப் பொருத்தி, பழையதானதும் அப்படியே கழற்றி எறியும் இன்றைய வடிவத்தை 1954-இல் விக்ஸ் (WIX) என்ற அமெரிக்க ஃபில்டர் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. இந்த வகை ஃபில்டருக்கு இரண்டு முனைகள் உண்டு. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் வாய்ப்பகுதியில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு அடித்தட்டு இருக்கிறது. அதன் நடுவில் மரையுள்ள துளையும், அதைச் சுற்றி ஆயில் உள்ளே நுழையும் சிறு துளைகளும், வெளிவிளிம்பை ஒட்டி ஒரு ரப்பர் கேஸ்கெட்டும் அமைந்திருக்கும். எஞ்சினிலிருந்து நீண்டிருக்கும் மரைத்தண்டின் மேல் நடுத்துளை திருகப்படும்போது, கேஸ்கெட் எஞ்சினின் வழவழப்பான இருக்கைமீது அழுந்தி ஆயில் கசியாமல் காக்கிறது. மறுமுனை மூடிய குவிமுனை; அதன் ஓரத்தில் பல ஃபில்டர்களில் பட்டை பட்டையாக மடிப்புகள் இருக்கும். இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட நடுவுடல் வெறும் மெல்லிய தகரம். உள்ளே மடித்த காகிதச் சுருளைத் தவிர அதற்கு வேறு தாங்கல் அதிகம் இல்லை. ஆகவே ஒரே ஃபில்டரில் அடித்தட்டை ஒட்டிய விளிம்பு மிக உறுதியானது, குவிமுனை ஓரளவு உறுதியானது, நடுவுடல் எளிதில் நசுங்குவது. இனி சொல்லப்போகும் அனைத்துக்கும் இந்த வேறுபாடே அடிப்படை.

ஃபில்டர் இவ்வளவு இறுகிப்போவதற்கான காரணம் பெரும்பாலும் அது பொருத்தப்பட்ட நாளிலேயே விதைக்கப்பட்டிருக்கும். கேஸ்கெட் இருக்கையைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும் என்பது பரவலான வழிகாட்டல். பல ஃபில்டர்களின் உறைமீதோ அட்டைப் பெட்டிமீதோ இதைப் படமாகவே அச்சிட்டிருப்பார்கள். இந்த அளவைப் பொருட்படுத்தாமல், கழற்றுவதற்குரிய கருவியைக் கொண்டே இறுக்கிவிடும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அதோடு, பொருத்தும்போது கேஸ்கெட்டில் ஆயில் தடவாமல் விட்டால், உலர்ந்த ரப்பர் இருக்கையின்மேல் வழுக்கிச் செல்லாமல் முறுக்கிக்கொண்டு ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு பயணத்திலும் எஞ்சின் சூடேறி ஆறுவதால், அந்த ரப்பர் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு உலோகத்தோடு பதிந்துவிடுகிறது. இந்தியாவில் விற்கப்படும் பல கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்று குறிக்கப்பட்டிருக்கும் ஆயில் மாற்றும் இடைவெளியைப் பெரிதும் தாண்டிவிட்டால், கழற்றுவது மேலும் கடினமாகும்.

இறுக்கத்தை எண்களாக எழுதிப் பார்த்தால் கை ஏன் தோற்கிறது என்பது விளங்கும். 66 மி.மீ. விட்டமுள்ள ஒரு ஃபில்டரைச் சுழற்ற 15 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தேவை என்று வைத்துக்கொள்வோம். அளவாக இறுக்கிய ஃபில்டருக்கே இது ஏறத்தாழ இயல்பான மதிப்புதான். அதன் ஆரம் 33 மி.மீ. மட்டுமே என்பதால், உறையின் மேற்பரப்பில் விரல்கள் கொடுக்க வேண்டிய உராய்வு விசை சுமார் 45 கிலோ எடைக்கு இணையானது. ஆயில் படிந்த வழவழப்பான தகரத்தின்மேல் எந்தக் கையாலும் அதைக் கொடுப்பது அரிது. அதே ஃபில்டரை 25 செ.மீ. நீளக் கைப்பிடி கொண்ட கருவியால் பற்றினால், கைப்பிடியின் முனையில் சுமார் 6 கிலோ இழுவை போதும். இறுக்கம் இருமடங்காக இருந்தாலும் 12 கிலோ இழுவையில் வேலை முடிந்துவிடும். மெலிந்த உடலுள்ளவரும் ஒரு கையால் கொடுக்கக்கூடிய விசை அது. கைப்பிடியின் நீளம் விசைக் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. கருவியின் வாய் தகரத்தைப் பற்றுமா, வழுக்குமா, நசுக்குமா என்பதே மிஞ்சும் கேள்வி.

கருவிகளுக்குள் செல்லும் முன் திசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இறுகிப்போன ஃபில்டர் என்று கருதப்படுபவற்றில் சில, தவறான திசையில் முறுக்கி மேலும் இறுக்கப்பட்டவை. ஃபில்டரின் மூடிய முனையை நேருக்கு நேராகப் பார்த்தபடி, கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராக, அதாவது இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். ஃபில்டர் கீழ்நோக்கித் தொங்கும் எஞ்சினில், காருக்கு அடியில் படுத்து அண்ணாந்து பார்ப்பவருக்கு மூடிய முனை முகத்துக்கு நேரே இருப்பதால், அவர் கண்ணுக்கு இடஞ்சுழியாகத் தோன்றுவதே சரியான திசை. அதே ஃபில்டரை ஒருவர் பானெட்டைத் திறந்து மேலிருந்து கையை விட்டுத் திருப்பினால், அவர் வாய்ப்பகுதியின் பக்கமிருந்து பார்ப்பதால், அதே சுழற்சி அவருக்கு வலஞ்சுழியாகத் தெரியும். பக்கவாட்டில் படுத்த நிலையில் பொருத்தப்பட்ட ஃபில்டரில் குழப்பம் இன்னும் அதிகம். இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு: வாங்கி வைத்திருக்கும் புதிய ஃபில்டரின் மூடிய முனையில் மார்க்கர் பேனாவால் இடஞ்சுழி அம்பு ஒன்றை வரைந்து, பழைய ஃபில்டர் எந்தத் திசை நோக்கி இருக்கிறதோ அதே நிலையில் அதைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், எப்பக்கம் கைப்பிடியை இழுக்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

ஆயத்தங்களில் முதலாவது உயிர்ப் பாதுகாப்பு. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காருக்கு அடியில் ஒருபோதும் உடலை நுழைக்கக் கூடாது. சமதளமான, கெட்டியான தரையில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு அடைப்புக்கட்டை வைத்து, எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகளின்மேல் காரை இறக்கிய பிறகே அடியில் செல்ல வேண்டும். இரண்டாவது வெப்பம். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ரப்பர் சற்று இளகும், ஆயிலும் எளிதாக வடியும். ஆனால் நெடுந்தூரம் ஓடிவந்த கொதிக்கும் எஞ்சினில் கை வைத்தால் ஆயிலும், பல கார்களில் ஃபில்டருக்கு மிக அருகிலேயே செல்லும் எக்ஸாஸ்ட் குழாயும் தோலைப் பொசுக்கிவிடும். தொட்டால் பொறுக்கும் இளஞ்சூடே ஏற்றது. மூன்றாவது, வரிசை. பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டைத் தொடும் முன்பே ஃபில்டர் சிறிதேனும் அசைகிறதா என்று சோதித்துப் பாருங்கள் என்று தொடக்கநிலையில் இருப்போருக்கு நான் வற்புறுத்திச் சொல்வேன். எஞ்சினில் ஆயில் இருக்கும்போதே ஃபில்டர் அசைய மறுத்தால், காரை அப்படியே பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம். ஆயிலை வடித்துவிட்ட பிறகு மாட்டிக்கொண்டால் கார் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அசைந்து கொடுத்துவிட்டால், அதன்பின் வேலை முடியும்வரை எஞ்சினை ஓடவிடக் கூடாது.

இனி கருவிகள். ஒரே ஒரு கார் வைத்திருப்பவர் வாங்க வேண்டிய முதல் கருவி, என் மதிப்பீட்டில், தொப்பி வகைக் கருவிதான். கிண்ணம் போன்ற இந்தத் தொப்பியின் உட்புறத்தில், ஃபில்டரின் குவிமுனையிலுள்ள பட்டைகளுக்கு ஈடான பட்டைகள் இருக்கும். நடுவில் ராட்செட் (ஒரு திசையில் மட்டும் பற்றித் திருப்பும் கைப்பிடி) பொருந்தும் சதுரத் துளை இருக்கும். எல்லாப் பட்டைகளிலும் விசை சமமாகப் பகிரப்படுவதால் தகரம் நசுங்குவதில்லை. மேலும், பக்கவாட்டில் இடமே இல்லாமல் நெருக்கமாக அமைந்த ஃபில்டரையும், ஒரு எக்ஸ்டென்ஷன் கம்பியை இணைத்து நேர்முனையிலிருந்து திருப்பிவிட முடியும். இதன் ஒரே நிபந்தனை, அளவு மிகச் சரியாக இருக்க வேண்டும் என்பது. தொப்பியின்மேல் விட்டமும் பட்டைகளின் எண்ணிக்கையும் பொறிக்கப்பட்டிருக்கும், 65/67 மி.மீ. விட்டத்தில் 14 பட்டை, 74/76 மி.மீ. விட்டத்தில் 15 பட்டை ஆகியவை அடிக்கடி காணப்படும் அளவுகள். எண்களை மட்டும் நம்பி வாங்குவதைவிட, புதிய ஃபில்டரைக் கடைக்கு எடுத்துச் சென்று, தொப்பியை அதன்மேல் அழுத்திப் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற கார் உதிரிபாகக் கடைத்தெருக்களில் இப்படிப் பொருத்திப் பார்த்து வாங்கலாம். காரில் இப்போது இருக்கும் பழைய ஃபில்டர் வேறு நிறுவனத்துடையதாக இருந்தால் அதன் பட்டை மாறுபடக்கூடும் என்பதால், அதையும் ஒருமுறை எட்டிப் பார்த்துப் பட்டைகளை எண்ணிக்கொள்வது நல்லது. தொப்பி சற்றே தளர்வாக இருந்து வழுக்கினால், உப்புத்தாள் துண்டு ஒன்றைச் சொரசொரப்பான பக்கம் ஃபில்டரைப் பார்த்திருக்கும்படி இடையில் வைத்து அழுத்தினால் பிடி கிடைத்துவிடும்.

பட்டைகள் ஏற்கெனவே மழுங்கிவிட்டாலோ, ஃபில்டரின் அளவு தெரியாவிட்டாலோ, மூன்று நகங்கள் கொண்ட கருவி கைகொடுக்கும். இதன் உள்ளே சிறு பற்சக்கரங்கள் இருக்கின்றன. ராட்செட்டால் திருப்பத் தொடங்கியதும் அவை மூன்று கால்களையும் உள்நோக்கி மடக்கி ஃபில்டரைக் கவ்வச் செய்கின்றன. ஃபில்டர் எவ்வளவு எதிர்க்கிறதோ அவ்வளவு பலமாக நகங்களும் கவ்வும் என்பதால், கையின் உராய்வுத் திறனை இது நம்பியிருப்பதில்லை. ஒரே கருவி பல விட்டங்களுக்குப் பொருந்தும் என்பது கூடுதல் வசதி. கவ்வும்போது தகரத்தில் பள்ளம் விழும். எறியப்போகும் ஃபில்டர் என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் புதிய ஃபில்டரை இறுக்க இதைப் பயன்படுத்தவே கூடாது.

ஃபில்டரைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பெல்ட் வகைக் கருவியும் செயின் வகைக் கருவியும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை, அந்தத் தத்துவம் அறியத்தக்கது. முரட்டு எருதின் கயிற்றை நேராகப் பிடித்து நிறுத்த முடியாத சிறுவன், அதே கயிற்றை ஒரு முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் எளிதாக நிறுத்திவிடுவான். சுற்றிய கோணம் கூடக் கூட, கயிற்றின் உராய்வுப் பிடி பெருக்கல் கணக்கில் வளர்வதே காரணம். கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லரின் பெயரால் வழங்கும் சமன்பாடு இதைத்தான் கூறுகிறது. பெல்ட் ஃபில்டரைச் சுமார் 300 பாகை சுற்றியிருப்பதாகக் கொண்டால், உராய்வுக் கெழு (பரப்பு எவ்வளவு பற்றுகிறது என்பதைக் காட்டும் எண்) 0.3 ஆக இருக்கும் உலர்ந்த பரப்பில் பெல்ட்டின் இரு முனைகளின் இழுவிசைக்கு இடையே ஏறத்தாழ ஐந்து மடங்கு வேறுபாட்டைத் தாங்க முடியும். ஆயில் படிந்து கெழு 0.1 ஆகக் குறைந்துவிட்டால் அது இரண்டு மடங்கைக்கூட எட்டாது. எனவே பெல்ட்டைச் சுற்றுவதற்கு முன் ஃபில்டரை டீசலிலோ பிரேக் கிளீனரிலோ நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் முற்றிலும் உலர்த்த வேண்டும். அந்த இரண்டு நிமிட வேலைக்கு, பெரிய கருவி ஒன்றை வாங்குவதைவிட அதிகப் பலன் உண்டு.

இவ்வகைக் கருவிகளை எங்கே சுற்றுகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். வசதியாக இருக்கிறதென்று நடுவுடலில் சுற்றினால், மெல்லிய தகரம் நசுங்கி உள்வாங்கும். விட்டம் குறைந்ததும் பெல்ட் தளரும். மேலும் இழுத்தால் இன்னும் நசுங்கும். அடித்தட்டை ஒட்டி, எஞ்சினுக்கு இயன்ற அளவு அருகில் சுற்றினால், தடித்த தட்டு உள்ளிருந்து தாங்குவதால் முழு விசையும் மரைக்குச் சென்று சேரும். துணியாலோ ரப்பராலோ ஆன பெல்ட்டைவிடச் செயின் பலமாகப் பற்றும், ஆனால் செயின் கருவிக்கும் உலோக வளையக் கருவிக்கும் கைப்பிடி வீசிச் செல்லப் பக்கவாட்டில் இடம் வேண்டும். குறுக்கு வாட்டத்தில் எஞ்சின் பொருத்தப்பட்ட சிறிய கார்களில் அந்த இடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதாலேயே தொப்பியை முதலில் வைத்தேன். எந்தக் கருவியாயினும் வெட்டி வெட்டி இழுக்காமல், பிடி நன்கு பதிந்த பின் நிதானமாக, சீராக விசையைக் கூட்டிக்கொண்டே செல்ல வேண்டும். கேஸ்கெட் விட்டுக்கொடுக்கும் கணம் கையில் தெளிவாக உணரப்படும். அதன்பின் பெரும்பாலும் விரல்களாலேயே கழற்றிவிடலாம்.

துரு நீக்கும் திரவத்தைத் தெளித்துக் காத்திருப்பது இங்கே பெரிதாக உதவாது. மரை, கேஸ்கெட்டுக்கு உட்புறம் எப்போதும் ஆயிலில் நனைந்தே இருக்கிறது. வெளியே தெளித்த திரவம் அங்கே செல்வதில்லை, உறையை மட்டும் வழுக்க வைக்கிறது. நெருப்பால் சூடேற்றுவது, ஆயில் நிறைந்த பாத்திரத்தைத் தீயில் காட்டுவதற்குச் சமமான ஆபத்து என்பதால் அதை எண்ணிப் பார்க்கவே கூடாது.

ஸ்க்ரூடிரைவரை ஃபில்டரின் குறுக்கே அடித்துச் செருகி, அதையே கைப்பிடியாக்கித் திருப்பும் முறை பலரும் கேள்விப்பட்டது. சில வேளைகளில் அது பலிக்கவும் செய்கிறது. ஆயினும் இதைக் கடைசி வழியாகக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். உண்மையிலேயே இறுகிப்போன ஃபில்டரில், கேஸ்கெட் விட்டுக்கொடுக்கும் முன் தகரம்தான் முதலில் கிழியும். ஸ்க்ரூடிரைவர் டப்பாவை அறுத்துக்கொண்டே வட்டமாகச் சுற்றி வரும், அடித்தட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். எஞ்சினுக்கு அருகில் குத்தினால் முனை உள்ளே இருக்கும் மரைத்தண்டைத் தாக்கிச் சேதப்படுத்தலாம்; கிழிந்த தகர விளிம்பு கையைக் கத்தி போல் வெட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குத்திய பிறகு அந்தக் காரைப் பட்டறைவரை ஓட்டிச் செல்லும் வழியும் அடைபட்டுவிடுகிறது.

ஏற்கெனவே கிழிந்துபோன ஃபில்டரோடு ஒருவர் தவித்துக்கொண்டிருந்தால், வழி இருக்கிறது. தடித்த கையுறை அணிந்து, தகரக் கத்தரியால் எஞ்சிய உறையை வெட்டி நீக்கி, உள்ளே இருக்கும் காகிதச் சுருளையும் எடுத்துவிட்டால் அடித்தட்டு மட்டும் தெரியும். அதிலுள்ள ஆயில் துளை ஒன்றின் ஓரத்தில் மழுங்கிய உளியைச் சாய்வாக வைத்து, இடஞ்சுழித் திசையில் சுத்தியலால் சிறு சிறு தட்டுகளாகத் தட்டினால், தட்டு மெல்லச் சுழலத் தொடங்கும். உளி வழுக்கி எஞ்சினின் இருக்கைப் பரப்பில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; அப்பரப்பு பெரும்பாலும் மென்மையான அலுமினியம், ஓர் ஆழமான கீறலே நிரந்தரக் கசிவுக்குப் போதுமானது. கை நடுங்கினால் மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு வரவழைப்பதே சரி.

எல்லாக் கார்களிலும் இந்தத் தகர உருளை இருப்பதில்லை. சிலவற்றில் நிரந்தரமான கூட்டுக்குள் காகிதச் சுருள் மட்டும் மாற்றப்படும். கூட்டின் மூடி பிளாஸ்டிக்காலோ அலுமினியத்தாலோ ஆனது. இந்தியாவில் விற்கப்பட்ட டொயோட்டா கொரோலா ஆல்டிஸின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இவ்வகையது; அதன் மூடிக்கு 64 மி.மீ. அளவில் 14 பட்டை கொண்ட தொப்பி வேண்டும், திரும்ப இறுக்கும்போது 25 நியூட்டன் மீட்டர் போதும். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் மூடியின் தலை 32 மி.மீ. அல்லது 36 மி.மீ. அறுகோணமாக இருக்கும், அதற்குச் சாதாரண சாக்கெட்டே பொருந்தும். இங்கே மூடி எறியப்படும் பொருள் அன்று, ஆதலால் நகக் கருவியும் செயினும் அறவே கூடாது. உரிய அளவுத் தொப்பியோ சாக்கெட்டோதான் வழி.

ஃபில்டர் கழன்றதும் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பழைய கேஸ்கெட் ஃபில்டரோடு வந்ததா, அல்லது எஞ்சின் இருக்கையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்பது. நின்றுவிட்ட பழைய வளையத்தின்மேல் புதிய ஃபில்டரைப் பொருத்தினால், இரண்டு ரப்பர்களும் ஒன்றின்மேல் ஒன்று நிலைகொள்ளாமல், எஞ்சின் இயங்கி அழுத்தம் ஏறியதும் பிதுங்கி ஆயில் முழுவதும் வெளியே பீறிடும். சில நிமிடங்களில் எஞ்சினே பாழாகும் அளவுக்கு இது தீவிரமானது. இரண்டாவது, எஞ்சினின் மரைத்தண்டு ஃபில்டரோடு சேர்ந்து கழன்று வந்துவிட்டதா என்பது. வந்திருந்தால் அதை எஞ்சினில் உரிய இறுக்கத்தில் பொருத்திய பிறகே மேற்கொண்டு செல்ல வேண்டும்.

இருக்கையைச் சுத்தமான துணியால் துடைத்து, புதிய கேஸ்கெட்டின்மேல் விரலால் சிறிது புதிய ஆயிலைத் தடவி, மரை குறுக்கே ஏறாமல் கையாலேயே திருகி, கேஸ்கெட் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று, அல்லது ஃபில்டரில் குறிப்பிட்டுள்ள அளவு, இறுக்கி நிறுத்துங்கள். எட்டாத இடத்தில் தொப்பியைப் பயன்படுத்த நேர்ந்தால், நீண்ட கைப்பிடியை விலக்கிவிட்டு, எக்ஸ்டென்ஷன் கம்பியை விரல்களால் மட்டும் பிடித்துத் திருப்புங்கள். ஆயிலை ஊற்றி எஞ்சினை இயக்கியதும் ஆயில் அழுத்த விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணைந்த பின், காருக்கு அடியில் நுழையாமல் டார்ச் விளக்கை அடித்து ஃபில்டரின் விளிம்பில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து எஞ்சினிலுள்ள அளவுகோலில் (டிப்ஸ்டிக்) ஆயிலின் மட்டத்தைச் சரிபாருங்கள்.

கழற்றிய ஃபில்டருக்குள் இன்னும் ஆயில் தேங்கியிருக்கும். வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, ஓர் இரவு முழுவதும் தட்டில் வடியவிட்டு, வடிந்ததைப் பழைய ஆயிலோடு சேர்த்து மூடியுள்ள கேனில் ஊற்றி வையுங்கள். 2016-ஆம் ஆண்டின் இந்திய அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், பழைய ஆயிலைச் சேகரித்து உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கேனையும் ஃபில்டரையும் ஒப்படைத்துவிடுங்கள்.